தோட்டத்து நீர்த்தொட்டியில் உணவு வலை வளர்த்தல்

மன்னார்த் தீவிலே மரக்கறித் தோட்டஞ் செய்வோரின் கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டி இருத்தல் வழக்கம். ஊற்று மெதுவாகச் சுரக்கும் மணற்கிணறுகளில், கிடைத்த நீரை இறைத்துச் சேர்த்து வைத்து, வெயில் தாழ்ந்தபின் பாத்திகளுக்கு விடுவதற்கு இத்தொட்டி பேருதவியாகும். ஆயின், அதில் நீர் ஒரு கிழமைக்கு மேல் மாறாது நிற்குமாயின், அது நுளம்பு பெருகும் இடமாகிவிடும். நுளம்பையும் தடுத்து, நீரையும் நாற்றமெடாது காத்து, இயந்திரமோ வடிகட்டியோ வேண்டாது நடக்கும் ஒரு முறையை இப்பிரசுரம் விளக்குகின்றது. அம்முறையாவது, தொட்டிக்குள்ளே மண், நீர்ச்செடி, நுண்ணுயிர், நத்தை, சிறுமீன் ஆகிய யாவும் ஒன்றையொன்று சார்ந்து வாழும்படி ஓர் உணவு வலையை வளர்த்தலாகும்.

மன்னாருக்கு இது ஏன் வேண்டும்?

1934, 1935 ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் காய்ச்சலால் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். பல்லாண்டு முயற்சியின் பின்னர், 2012 ஒற்றோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளர் எவருமின்றி, 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு திசெம்பரில், இந்நாட்டில் அதுவரை காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னார்த் தீவிலே கண்டுபிடிக்கப்பட்டது.

இந்நுளம்பைப் பற்றிக் கமக்காரர் சிறப்பாக அறிய வேண்டியது யாதெனில், அது விரும்பும் இடம் நம்முடைய கிணறும் தொட்டியுமே என்பதாம். இலங்கையில் முன்னர் மலேரியாவைப் பரப்பிய நுளம்பு, ஆறு வற்றும்போது மணலிலும் பாறைக்குழிகளிலும் தேங்கிய நீரிற் பெருகுவது. ஸ்டீபன்சியோ, இந்தியப் பட்டினங்களின் கிணறுகளிலும் மேனிலைத் தொட்டிகளிலும் சேமிப்பு நீரிலும் பழகியது. கடல் கடந்து ஆபிரிக்காவின் சிபுத்தி நாட்டில் 2012 இல் தோன்றியபின், அங்கே மலேரியா மீண்டும் பெருகியது. மன்னாரில் அதன் குடம்பிகள் கிணறுகளிலே காணப்பட்டமையால், சுகாதாரப் பகுதியார் மருந்திடுவதோடு குடம்பி தின்னும் மீன்களைக் கிணறுகளில் விடும் முறையையும் கையாண்டனர். நோய்க்கிருமி இப்போது இங்கில்லை. வெளிநாடு சென்று மீளும் ஒருவர் உடலில் வந்து சேரக்கூடும். அதனை ஒருவரிலிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்லும் நுளம்பு இல்லாதிருத்தலே காவல்.

உவர்நீரில் நுளம்பு வளராதென்று எண்ணற்க. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பின் குடம்பிகள், யாழ்ப்பாணக் குடாநாட்டில் உவர்ப்பேறிய கிணறுகளிலும் காணப்பட்டுள்ளன.

தொட்டியிலுள்ள குடம்பி எவ்வினத்தது என்பதைக் கண்ணாலேயே ஓரளவு அறியலாம். நீரின் மேற்பரப்போடு ஒட்டி, துரும்பு மிதப்பது போலக் கிடையாகக் கிடப்பது மலேரியா நுளம்பின் இனம். தலை கீழாக, வால் மட்டும் மேற்பரப்பைத் தொடும்படி சாய்ந்து தொங்குவது ஏனைய நுளம்புகளின் இனம். வெப்பமான நீரில் முட்டையிலிருந்து நுளம்பாகிப் பறப்பதற்கு ஏறக்குறைய பத்து நாட்களே வேண்டும்.

கமக்காரர் முன்பே அறிந்த பாடம்

உணவு வலை என்பது புதிய சொல்லாயினும் பொருள் புதியதன்று. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெற்செய்கை பண்ணுவோர் அதனை ஆண்டுதோறும் காண்கின்றனர். அருவியாற்று நீர் தேக்கம் அணையிலிருந்து வாய்க்கால் வழியாகக் குளத்தை வந்தடைகின்றது. பரந்து ஆழங்குறைந்த அந்நீரில் வெயில் அடிவரை பாய்கின்றது; வண்டலும் உக்கிய இலையும் உரமாகின்றன; அல்லியும் தாமரையும் பாசியும் வளர்கின்றன; அவற்றைச் சார்ந்து புழுபூச்சியும், அவற்றைத் தின்று மீனும், மீனைத் தேடிக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வருகின்றன. இக்குளமும் அதன் சுற்றுப்புறமும் 1954 இல் சரணாலயமாக்கப்பட்டன. எவரும் அங்கே மீனுக்கு நாள்தோறும் தீனியிடுவதில்லை, நீரை வடிகட்டுவதுமில்லை.

வயலிலும் இதுவே நிகழ்கின்றது. கபிலத் தத்தி வயலை எரித்தபோது பூச்சிகொல்லியை மேலும் மேலும் தெளித்தவர்கள், தத்தியோடு சிலந்திகளும் இறந்து தத்தி மட்டுமே முன்னிலும் விரைந்து பெருகியதைக் கண்டனர். இந்தோனேசிய அரசு 1986 இல் 57 வகைப் பூச்சிகொல்லிகளை நெல்லுக்கு இடலாகாதெனத் தடுத்தமைக்குக் காரணம் இதுவே. பின்னர் யாவாத் தீவின் வயல்களை ஆராய்ந்தோர், 1996 இல் வேறோர் உண்மையை வெளியிட்டனர். நாற்று நட்ட தொடக்கத்தில், தத்தி இன்னும் வாராதபோது, சிலந்திகள் எதனைத் தின்று பெருகுகின்றன? வயல் நீரில் உக்கும் பொருளையும் நுண்பாசியையும் தின்று வளரும் கடியாத சிறு பூச்சிகளையே. அஃதாவது, வயலின் சேற்றில் உக்கும் வைக்கோல் சிலந்தியின் உணவாகி, சிலந்தி நெல்லின் காவலாகின்றது. இவ்வாறு தீங்கற்ற சிற்றுயிர்கள் நிறைந்திருந்தாலன்றித் தீங்கானவற்றை உண்ணும் உயிர் நிலைத்திராது. தொட்டிக்கும் இதுவே விதி: குடம்பி இல்லாத நாட்களிலும் மீன் பசியாதிருக்க வேண்டுமாயின், நீரில் வேறு உணவு விளைந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

தொட்டிக்குள் நடப்பது

மீனின் கழிவும் உக்கும் இலையும் முதலில் அமோனியாவைத் தரும். அமோனியா மீனுக்கு நஞ்சு. நீர் எவ்வளவு வெப்பமாகவும் காரத்தன்மையாகவும் இருக்கின்றதோ, அவ்வளவுக்கு அந்நஞ்சு கடுமையாகும். சுண்ணாம்புத் தன்மை கூடிய நீருள்ள வெப்பப் பகுதிகளில் இதனை மறக்கலாகாது. மண்ணிலும் செடித்தண்டிலும் தொட்டிச் சுவரிலும் படியும் பற்றீரியாக்கள் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும். செடிகள் நைத்திரேற்றையும், அதனினும் விருப்பாக அமோனியாவையும் உறிஞ்சி வளரும். கடையில் விற்கும் வடிகட்டி செய்யும் வேலையின் பெரும்பகுதி இதுதான். அங்கே பஞ்சின்மேற் குடியிருக்கும் பற்றீரியாவே இங்கே மண்ணிற் குடியிருக்கின்றது. ஒளித்தொகுப்பாற் பகலில் ஒட்சிசன் தரும் செடி இங்கே மேலதிகமாக உண்டு.

நுண்பாசி பெருகினால் நீர் பச்சையாகும். அதனைத் தின்பது நீர்த்தெள்ளு. ஊசிமுனையிற் சற்றுப் பெரிதாய், தெள்ளுப்பூச்சி போலத் துள்ளித் துள்ளி நீந்தும் இச்சிற்றுயிரை, வயல் வாய்க்காலின் தேங்கிய நீரை வெண்ணிறக் கோப்பையில் அள்ளிப் பார்ப்போர் காண்பர். நீர்த்தெள்ளு நுண்பாசியையும் பற்றீரியாவையும் வடித்துண்பதால் நீர் தெளியும். நீர்த்தெள்ளை மீன் தின்னும். நத்தை, சுவரிற் படியும் பாசியையும் அழுகிய இலையையும் அரித்துத் தின்னும். அதன் முட்டையும் குஞ்சும் சிலவேளை மீனுக்கு இரையாகும். மண்ணில் வாழும் செம்புழுக்கள் அடியிற் படியும் கழிவைத் தின்று, தாமும் இரையாகும்.

இவ்வேற்பாட்டினைச் சோதித்துக் காட்டிய பழைய சான்றொன்றுண்டு. இலண்டனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன் 1849 இல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, இரு சிறு பொன்மீன்களையும், நாடா போல நீண்ட இலையுடைய நீர்ச்செடியொன்றையும் இட்டார். சில காலத்தில் உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. அவர் நீரை மாற்றவில்லை. சில குளத்து நத்தைகளைக் கொணர்ந்து விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. அதனை அடுத்த ஆண்டு எழுதி வெளியிட்டார். மீனும் செடியும் மட்டுமிருந்தால் போதாது, நடுவில் நிற்கும் எளிய உயிரும் வேண்டும் என்பதே அவர் கண்டது. கண்ணாடித் தொட்டிகளில் இன்று அழகுக்காக மீன் வளர்ப்போர் பலர் மறப்பதும் அதுவே.

தொட்டியை அமைத்தல்

நீளம் 4 அடி, அகலம் 3 அடி, ஆழம் 2 அடி கொண்ட தொட்டி போதும். மண்ணிட்டு, விளிம்பின் கீழ் சிறிது இடம் விட்டு நிரப்பினால், அதில் ஏறக்குறைய 450 லீற்றர் நீர் நிற்கும். பாய்ச்சலுக்குரிய பெரிய தொட்டி வேறாக இருப்பின், இதனை அதன் பக்கத்தே தனியாகக் கட்டுதல் நன்று. பெரிய தொட்டியை நாள்தோறும் வெறுமையாக்கும் வழக்கமுடையோர் அதில் உயிர் வளர்க்க இயலாது; அதனைக் கிழமைக்கொருமுறை முற்றாக வடித்துத் தேய்த்துக் காயவிட்டாலே நுளம்பு நில்லாது.

புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியும். ஆதலால், தொட்டியை நீரால் நிரப்பி ஒரு கிழமை விட்டு வடித்தலை மூன்று நான்கு முறை செய்தல் வேண்டும். வாழைத்தண்டை வெட்டி ஊறவிடும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அவ்வாறு செய்வோர், அழுகிய தண்டை முற்றாக அகற்றிக் கழுவிய பின்னரே மேற்கொண்டு செல்லுக.

அடியில் இரண்டங்குலம் வயல் மண் பரப்புக. உரமோ பூச்சிகொல்லியோ அண்மையில் இடப்பட்ட மண் ஆகாது. எருக் கலந்த தோட்ட மண்ணும் முதற் தொட்டிக்கு வேண்டாம், அது அளவுக்கு மிஞ்சி அமோனியாவை விடும். அதன்மேல் ஒன்றரை அங்குலம் கழுவிய ஆற்றுமணல் இடுக. கடற்கரை மணல் எளிதாகக் கிடைப்பினும், அதிலுள்ள உப்பும் சிப்பித்தூளும் நமக்கு உதவா.

செடிகளுள், தண்டைச் சுற்றி அடுக்கடுக்காய்ச் சிற்றிலை விடும் வேலம்பாசி முதன்மையானது. வாய்க்கால்களில் தானே வளர்வது. விரைந்து வளர்வதால் நீரிலுள்ள உரத்தை விரைந்து உறிஞ்சும். ஓர் அல்லிக் கிழங்கை மூலையில் ஊன்றலாம். தொட்டி விளிம்பில் மண் நிரப்பிய சட்டியொன்றை வைத்து அதில் கங்குன் நட்டால், வேர் நீரில் இறங்கி நைத்திரேற்றை உண்ணும். கொழுந்து வீட்டுக்குக் கறியாகும். முதல் நாளிலேயே செடிகளை நிறைய நடுதல் வேண்டும். செடி குறைவாயின், அதன் பங்கை நுண்பாசி எடுத்துக்கொள்ளும்.

நீரின் மேற்பரப்பிற் பாதியாவது திறந்திருத்தல் வேண்டும். மிதக்கும் இலை அடர்ந்து மூடினால், குடம்பி அதன் இடுக்கில் ஒளிக்கும். மீன் அங்கே புகாது. வெயிலைத் தடுக்க நினைப்போர், இலையால் மூடாமல், மேலே கிடுகு கட்டி நண்பகல் வெயிலை மட்டும் மறைக்கலாம்.

சல்வீனியாவையும் நீர்ப்பதுமராகத்தையும் எக்காரணத்தாலும் இடற்க. அழகு மலருக்காகக் கொண்டுவரப்பட்ட நீர்ப்பதுமராகத்தை ஒழிக்க 1909 இலேயே சட்டம் இயற்ற நேர்ந்தது. 1939 இல் வந்த சல்வீனியா வயலையும் வாய்க்காலையும் மூடி, 1986 இல் அதனை மட்டும் தின்னும் சிறுவண்டு விடப்பட்ட பின்னரே பல இடங்களிற் தணிந்தது. தோட்டத் தொட்டியிலிருந்து ஒரு துண்டு வாய்க்காலில் விழுந்தாலும் போதும்.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் தை மாதம். மாரிமழை ஓய்ந்து, கிணற்று நீர் ஆண்டில் மிக இனிப்பாக இருப்பது அப்போதுதான். கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைத்திருப்பின் அதுவே சிறந்தது.

மீன் விடுமுன்

நீர் நிரப்பி, செடி நட்டு, வாய்க்காலின் தேங்கு நீரிலிருந்து நீர்த்தெள்ளையும் பத்துப் பன்னிரண்டு சிறு நத்தைகளையும் கொணர்ந்து விட்டபின், மூன்று நான்கு கிழமை காத்திருத்தல் வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தொட்டி நிரம்பிய அன்றே மீனையும் விடுவர், மூன்றாம் நாள் மீன் மிதக்கும், பிறகு நீரைக் குறை கூறுவர். பற்றீரியா பெருகுமுன் அமோனியாவை ஏற்பாரில்லை. நீர்த்தெள்ளு பெருகுமுன் மீனுக்கு உணவுமில்லை. காத்திருக்கும் நாட்களில் நுளம்பு முட்டையிடாதபடி தொட்டியை நெருங்கிய கண்ணுள்ள வலையால் மூடி, ஐந்து நாளுக்கொருமுறை குடம்பியைப் பார்த்து, துணியால் வடித்தகற்றுக.

மீன்களுள், உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்ன, மேற்பரப்பை ஒட்டி நீந்தும் விரல்நீளச் சிறுமீனே நமக்கு ஏற்றது. முருங்கன், உயிலங்குளம் பக்கத்து வயல் வாய்க்கால்களிற் பார்க்கலாம். அதன் வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதால், மேற்பரப்போடு ஒட்டிக் கிடக்கும் மலேரியாக் குடம்பி அதற்கு நேரான இரை. மேற்கூறிய தொட்டிக்கு எட்டு முதற் பத்து மீன் போதும். சரணாலயத்தில் மீன் பிடிக்கலாகாது. வயல் வாய்க்காலிலும் வேண்டிய அளவே எடுக்க.

விரால் குஞ்சை விட்டால் சில மாதத்தில் விரால் மட்டுமே இருக்கும். 1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா உணவுக்கு நல்ல மீன். ஆயின் சிறு தொட்டியில் செடியைக் கறித்து மண்ணைக் கிளறும். கப்பி மீனைச் சுகாதார உத்தியோகத்தர் கொடுப்பின் தொட்டியில் வளர்க்கலாம். குளத்திலோ வாய்க்காலிலோ விடுதல் கூடாது, அங்குள்ள மீன்களுக்கு அது போட்டியாகும். குடிநீர்க் கிணற்றில் எம்மீனை விடுவதாயினும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டே செய்தல் வேண்டும். அவர் நுளம்பு மருந்திட வருங்கால், மீன் வளரும் தொட்டி எதுவென்று அவருக்குக் காட்டுக. குடம்பியைக் கொல்லும் மருந்து சில நீர்த்தெள்ளையும் கொன்றுவிடும்.

மீனுக்குச் சோறும் பிண்ணாக்கும் இடற்க. தீனி இட்டால் மீன் பெருகும், கழிவு பெருகும், பசியில்லாத மீன் குடம்பியை நாடாது. தொட்டியில் விளையும் உணவு எத்தனை மீனைத் தாங்குமோ அத்தனையே இருக்கட்டும். குஞ்சு பொரித்து எண்ணிக்கை கூடினால் அயலவருக்குக் கொடுக்கலாம்.

தொட்டி சொல்லும் குறிகள்

நீர் பச்சையானால் மீன் மிகுந்து நீர்த்தெள்ளு குறைந்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம். அல்லது வெயில் மிகுதி. மீனிற் பாதியை எடுத்துவிட்டுக் கிடுகைச் சற்று நீட்டினால், இரண்டு மூன்று கிழமையில் தெளியும். நீரை முழுதும் மாற்றுவது வீண்வேலை. புதுநீரோடு பச்சையும் திரும்பும்.

விடியற்காலையில் மீன் வாயை மேலே நீட்டித் திறந்து மூடினால், இரவில் ஒட்சிசன் குறைந்துள்ளது. பகலில் ஒட்சிசன் தரும் செடி இரவில் அதனையே செலவிடும், அழுகலும் செலவிடும். அன்றே வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து பலமுறை ஊற்றுக. பின்னர் அழுகிய இலைகளை வாரி, செடியிற் மூன்றிலொரு பங்கை அறுத்தெடுக்க. அறுத்த பாசியைக் கூட்டெருவிற் சேர்க்கலாம்.

நத்தை திடீரென இறந்தால் செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லி நீரிற் பட்டிருக்கலாம். நீர்த்தெள்ளு ஒருசேர மறைந்தால் பூச்சிகொல்லியை ஐயுறுக. தெளிகருவியைத் தொட்டியருகே கழுவுவதும், தெளித்த கையைத் தொட்டியில் அலம்புவதும் பல மாத வேலையை ஒரு மாலையில் அழித்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொட்டியின் மேற்காற்றுப் பக்கத்திற் தெளிக்கவே கூடாது.

உவர்ப்பு

மன்னார்த் தீவின் நன்னீர், மணலுக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையாகவே உள்ளது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். தொட்டியிலும் வேறொரு வழியாக உவர் ஏறுகின்றது. ஆவியாகும் நீர் உப்பை விட்டுச் செல்கின்றது.

கணக்கிட்டுப் பார்ப்போம். கச்சான் காலத்தில் நாளொன்றுக்கு 7 லீற்றர் ஆவியாவதாகவும், அதனைக் கிணற்று நீரால் ஈடு செய்வதாகவும் கொள்வோம். ஒன்பது கிழமையில் ஏறக்குறைய 440 லீற்றர் புதுநீர் சேர்ந்திருக்கும்; தொட்டியில் உள்ள நீரின் அளவு மாறாது, உப்போ இருமடங்காகும். கிழமைதோறும் 100 லீற்றர் நீரை எடுத்துப் பாத்திக்கு விட்டுப் புதுநீர் நிரப்பினால், உப்பு கிணற்று நீரிலுள்ளதைப் போல ஒன்றரை மடங்கிலேயே நின்றுவிடும். ஆகவே இத்தொட்டி நீர் தேங்கிக் கிடப்பதற்குரியதன்று. கிழமைதோறும் நான்கிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாக எடுத்துப் பயன்படுத்துதற்குரியது. எடுக்கும்போது வாளியின் வாயில் துணி கட்டி, நீர்த்தெள்ளும் குஞ்சும் போகாது காக்க.

எடுத்த நீரில் சிறிது தழைச்சத்து உண்டு. அதனை உரத்துக்கு ஈடாக எண்ணலாகாது. கத்தரிக்கும் வெண்டிக்கும் தடையின்றி விடலாம். பீற்றூட் உவரை நன்கு தாங்கும். வெங்காயமும் போஞ்சியும் உவருக்கு அஞ்சுவன. கோடை முற்றிய மாதங்களில் அவற்றுக்கு இந்நீரைத் தவிர்க்க. இலைநுனி கருகத் தொடங்கினால் நீரைக் கமநல சேவை நிலையத்தின் வழியாகச் சோதிப்பித்தல் நன்று.

சிறுவர் உள்ள வீட்டில் தொட்டியைச் சுற்றி வேலி இடுதல் கட்டாயம். அவ்வேலி, தீவிலே கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளையும் தடுக்கும்; அவை நீர் குடிப்பதோடு நில்லாமல் அல்லியையும் கங்குனையும் ஒரே இரவில் மேய்ந்துவிடும். மேற்கூறிய சிறுமீன் துள்ளும் இயல்புடையதாதலால், நீர்மட்டம் விளிம்புக்கு நான்கங்குலம் கீழே இருக்கட்டும். காகமும் மீன்கொத்தியும் பழகிவிட்டால் குறுக்கே சில கயிறுகளைக் கட்டுக.

கடைசியாக ஒன்று. தொட்டியிலிருந்து சில வாளி நீரைப் பழைய மண்பானையொன்றில் ஊற்றி, ஒரு பிடி பாசியும் இட்டு, நிழலில் வைத்து, வாயைத் துணியாற் கட்டி வைக்க. மீனில்லாத அப்பானையில் நீர்த்தெள்ளு தடையின்றிப் பெருகும். தொட்டியில் மருந்து பட்டோ வறட்சியாலோ அவை அழிந்தால், அப்பானையிலிருந்து ஒரு கோப்பை ஊற்றி மீண்டும் தொடங்கலாம்.